பூமிபால் அதுல்யதேஜ்

பூமிபால் அதுல்யதேஜ் (5 டிசம்பர் 1927 – 13 அக்டோபர் 2016) தாய்லாந்தின் மன்னர். சக்ரி மரபில் ஒன்பதாமவர். அதனால் ஒன்பதாம் ராமா என்றும் அழைக்கப்படுகிறார். 1946 ஜூன் 9 முதல் இறக்கும்வரை, எழுபது ஆண்டுகளுக்கும் சற்று மேலாக அரியணையில் இருந்தார். மறைந்தபோது, உலகில் வாழ்ந்துகொண்டிருந்த அரசர்களுள் மிக நீண்ட காலம் ஆண்டவர் அவரே. பெயர் வடமொழி வேர் கொண்டது: பூமிபலம் என்றால் மண்ணின் வலிமை, அதுல்யதேஜம் என்றால் ஒப்பற்ற ஆற்றல்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை இளவரசர் மகிடோல் அப்போது ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். தாய் சங்வான் அரச குடும்பத்தைச் சேராத எளிய வீட்டுப் பெண். செவிலியர் பயிற்சி பெற்றவர். பூமிபாலுக்கு இரண்டு வயது நிறைவதற்குள், 1929இல் தந்தை இறந்தார். அண்ணன் ஆனந்தா, அக்கா கல்யாணி ஆகியோருடன் அவரையும் வளர்த்து ஆளாக்கியவர் தாயே.

1932 ஜூன் 24இல் நடந்த புரட்சி சியாமில் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) மன்னரின் தனியாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு குடும்பம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1935இல் மன்னர் பிரஜாதிபோக் முடிதுறந்தார். ஒன்பது வயது ஆனந்தா மன்னராக அறிவிக்கப்பட்டார்.

அரியணை

இரண்டாம் உலகப் போர் முடிந்து 1945 டிசம்பரில் அண்ணனும் தம்பியும் பாங்காக் திரும்பினர். ஆறு மாதம் சென்றது. 1946 ஜூன் 9 காலை ஆனந்தா அரண்மனைப் படுக்கையறையில் குண்டடிபட்டு இறந்து கிடந்தார். அந்தச் சாவின் மர்மம் இன்றுவரை முழுமையாக விலகவில்லை. அன்றே பதினெட்டு வயது பூமிபால் மன்னரானார். மீண்டும் லொசான் சென்று, அறிவியல் படிப்பைக் கைவிட்டுச் சட்டமும் அரசியலும் படித்தார். 1948இல் அங்கு நேர்ந்த கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்தார்.

1950 ஏப்ரல் 28இல் சிரிகித்தை மணந்தார். மே 5 அன்று ஒன்பது அடுக்கு வெண்கொற்றக்குடையின் கீழ் முடிசூடி, மக்களின் நலனுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் அறவழியில் ஆள்வதாக உறுதிமொழி ஏற்றார். முடிசூட்டுச் சடங்கில் அரசவைப் பிராமணர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்தப் பிராமணர் மரபுக்குத் தமிழோடும் தொடர்பு உண்டு. ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் திரியம்பாவாய் – திரிப்பாவாய் வழிபாட்டில், திருவெம்பாவை உள்ளிட்ட தமிழ்ப் பாடல்கள் தாய் ஒலிப்பில் உருமாறி ஓதப்படுகின்றன.

நாட்டுப்புறப் பயணங்கள்

1932க்குப் பின் அரண்மனையின் அதிகாரம் சுருங்கியிருந்தது. 1957இல் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் சரித் தனரத், தம் ஆட்சிக்கு மதிப்புத் தேடி மன்னரை மீண்டும் பொது மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் மக்கள் மனத்தில் மன்னருக்கு இடம் கிடைத்தது ஊர் ஊராகச் சென்ற பயணங்களால்தான். 1955 நவம்பரில் வடகிழக்கின் நக்கோன் பனோம் பகுதிக்குச் சென்றபோது, நூறு வயது கடந்த மூதாட்டி ஒருவர் மூன்று தாமரைப் பூக்களுடன் காலையிலிருந்து காத்திருந்தார். மன்னர் வருவதற்குள் வெயிலில் பூக்கள் வாடிவிட்டன. வாடிய பூக்களைத் தலைக்குமேல் ஏந்தி நின்ற அந்தப் பாட்டியின் தலையைத் தொடுமளவுக்கு மன்னர் குனிந்தார். மன்னருக்கு முன் குடிமக்கள் தரையில் பணியும் நாட்டில், அந்தக் காட்சியின் நிழற்படம் வீட்டுக்கு வீடு போற்றப்படும் படமானது.

கழுத்தில் கேமரா, கையில் விரித்த நிலவரைபடம், பென்சில்: மக்கள் நினைவில் நிற்கும் கோலம் இதுதான். ஓடை எங்கே, அணை எங்கே கட்டலாம் என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்வார். வடகிழக்கின் வறட்சியைக் கண்டு 1955இல் தோன்றிய எண்ணம் செயற்கை மழைத் திட்டமாக வளர்ந்தது. சித்ரலதா அரண்மனை வளாகத்திலேயே மாட்டுப்பண்ணையும் சோதனை வயலும் மீன்குளமும் அமைத்தார். 1965இல் ஜப்பானிய இளவரசர் அகிஹிதோ நைல் திலேப்பியா மீன்களை அனுப்பினார். நம் ஊர் ஜிலேபி மீனின் உறவு அது. அரண்மனைக் குளத்தில் பெருகிய மீன் உழவர் குளங்களுக்குச் சென்று, இன்று தாய்லாந்தின் எளிய மக்கள் உண்ணும் மீன்களுள் ஒன்றாக இருக்கிறது. 1969இல் தொடங்கிய திட்டம், வட மலைகளில் அபின் பயிரிட்ட பழங்குடியினரைக் காய்கறி, பழச் சாகுபடிக்கு மாற்றியது. கழிவுநீரில் காற்றேற்றும் சக்கரப் பொறிக்கு 1993இல் காப்புரிமை பெற்றார்.

1974இல் ஓர் உரையில் தொட்டு, 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவாக வலியுறுத்திய கருத்து ‘போதுமெனும் பொருளாதாரம்’. அளவறிந்து செலவிடுதல், ஆய்ந்து முடிவெடுத்தல், இடர் தாங்கும் சேமிப்பு ஆகியவை அதன் சாரம். கடைசிவரை பிதுக்கித் தட்டையாக்கிய அவருடைய பற்பசைக் குழாயின் படம் இந்தக் கருத்துக்கு உரையாக நாடெங்கும் பரவியது. 2006இல் ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னான் நேரில் வந்து மனித வளர்ச்சிக்கான வாழ்நாள் சாதனை விருதை வழங்கினார்.

சாக்சபோன் வாசிப்பதிலும் ஜாஸ் இசையமைப்பதிலும் வல்லவர். 1967இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் படகோட்டத்தில், மகள் உபோல்ரதனாவுடன் தங்கப்பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அரசியல் நெருக்கடிகள்

அவர் காலத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட அரசியல் சட்டங்கள் வந்து போயின. 1947 முதல் 2014 வரை படையினர் பலமுறை ஆட்சியைப் பிடித்தனர். 1973 அக்டோபர் 14இல் படையினர் சுட்டபோது அரண்மனைக் கதவுகள் மாணவர்களுக்குத் திறந்தன. அன்றே படை ஆட்சியாளர் தனோம் விலக, பல்கலைக்கழகத் தலைவராயிருந்த சான்யாவை மன்னர் பிரதமராக்கினார்.

மூன்றே ஆண்டில், 1976 அக்டோபர் 6 அன்று, தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாக்கத் திரண்ட கூட்டத்தில் அரச ஆதரவு பெற்ற கிராமச் சாரணர் அமைப்பினரும் இருந்தனர். அன்று மாலையே படை ஆட்சியைப் பிடித்தது. மன்னர் அதை ஏற்றார். அவர் வரலாற்றில் ஆறாத வடு இது.

1981இல் படையினருள் ஒரு பகுதியினர் செய்த கலகத்தின்போது பிரதமர் பிரேமுடன் நின்று அதை முறியடிக்கத் துணைநின்றார். 1992 மே மாதம் பாங்காக் தெருக்களில் மீண்டும் ரத்தம் சிந்தியது. மே 20 இரவு, பிரதமர் சுச்சிந்தாவும் போராட்டத் தலைவர் சம்லோங்கும் மன்னர் முன் தரையில் அமர்ந்து அறிவுரை கேட்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. துப்பாக்கிச் சூடு நின்றது. சில நாளில் சுச்சிந்தா விலகினார்.

மன்னரை அவமதித்தால் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை என்று தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கூறுகிறது. தாம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்று 2005 பிறந்தநாள் உரையில் அவரே சொன்னார். ஆனாலும் சட்டம் தளரவில்லை. 2006, 2014 படைப்புரட்சிகளுக்குப் பின் வழக்குகள் பெருகின.

மறைவும் மதிப்பீடும்

2009 முதல் பெரும்பாலும் பாங்காக் சிரிராஜ் மருத்துவமனையில் இருந்தார்; 2016 அக்டோபர் 13இல் 88ஆம் வயதில் அங்கேயே காலமானார். நாடு ஓராண்டு துக்கம் காத்தது. 2017 அக்டோபர் 26இல் சனாம் லுவாங் திடலில் உடல் எரியூட்டப்பட்டது. மகன் வஜிரலோங்கோன் அடுத்த மன்னரானார்.

அரசியல் சட்டம் அவருக்குக் கொடுத்த அதிகாரம் சிறிது. வயல் வரப்பில் நடந்து சேர்த்த நம்பிக்கை பெரிது. அந்த நம்பிக்கை 1973இலும் 1992இலும் உயிர்களைக் காத்தது. அதே நம்பிக்கையைக் கேடயமாக்கிப் படைத்தலைவர்கள் மக்களாட்சியை மீண்டும் மீண்டும் வீழ்த்தினர். ஒரு தனிமனிதரின் நற்பெயர் நிறுவனங்களின் இடத்தை நிரப்ப முடியாது என்பதற்கு அவருடைய நீண்ட ஆட்சியே சான்று. அவர் மண்ணுக்கும் நீருக்கும் ஆற்றிய பணியில் இந்தக் குறை இல்லை. அவர் பிறந்த டிசம்பர் 5ஆம் நாளை ஐ.நா. உலக மண் நாளாகக் கடைப்பிடிக்கிறது.