தொழிலிடத் தொற்றுத்தடுப்பு (தூத்துக்குடிக் கரை)

தொழிலிடத் தொற்றுத்தடுப்பு என்பது, வேலை செய்யும் இடங்களிலும் தொழிலாளர் தங்கும் இடங்களிலும் தொற்றுநோய் பரவாமல் காக்கத் தொழில் வழங்குநர் மேற்கொள்ளும் நடவடிக்கைகளைக் குறிக்கும். தூத்துக்குடி முதல் மண்டபம் வரையான மன்னார் வளைகுடாக் கரை, இந்நடவடிக்கைகள் நீண்ட வரலாறு உடைய பகுதிகளுள் ஒன்றாகும். முத்துக்குளிப்பு, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புதல், துறைமுகத் தொழில் ஆகிய மூன்றும் இக்கரையில் பெருந்திரளான மக்களை ஒன்றுகூட்டியமையே இதற்குக் காரணம்.

முத்துக்குளிப்பு முகாம்கள்

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறுவதில்லை. சிப்பிகள் முதிர்ந்திருப்பது உறுதியான ஆண்டுகளில் மட்டுமே, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சில வாரங்கள் நடைபெறும். அப்போது மணற்கரையில் ஓலைக் கொட்டகைகளாலான தற்காலிக நகரம் ஒன்று உருவாகும். மூழ்குவோர், படகோட்டிகள், வணிகர், கடைக்காரர் எனப் பலர் அங்கே திரள்வர். வளைகுடாவின் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டு நடந்த குளிப்பில் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. இந்தியக் கரையைச் சேர்ந்த மூழ்குவோரும் இலங்கைக் குளிப்புகளில் பங்குகொண்டனர்.

முத்தைப் பிரித்தெடுக்கச் சிப்பிகளைப் பல நாட்கள் அழுகவிடுவது வழக்கம். இதனால் ஈக்கள் பெருகின. குடிநீர் அரிதான மணற்பாங்கில் கிணறுகள் எளிதில் மாசடைந்தன. வாந்திபேதி (காலரா) தோன்றியதால் இடையிலேயே நிறுத்தப்பட்ட குளிப்புகளும் உண்டு. குளிப்பை நடத்தியதும் சிப்பிகளின் பெரும்பங்கைப் பெற்றதும் அரசே. எனவே நோய் பரவினால் மக்களின் உயிருடன் அரசின் வருவாயும் போயிற்று. முகாம்களில் மருத்துவமனை அமைத்தல், குடிநீரைக் காத்தல், துப்புரவுப் பணியாளரை அமர்த்தல் ஆகியவை இந்த அனுபவத்தால் வந்தவை. தூத்துக்குடியில் 1961க்குப் பின் வணிகமுறை முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

தட்டப்பாறையும் மண்டபமும்

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் (பிளேக்) தோன்றியபின், இந்தியாவிலிருந்து வருவோர் வழியாக நோய் நுழையும் என இலங்கை அரசும் தோட்ட உரிமையாளரும் அஞ்சினர். இதனால், தூத்துக்குடியில் கப்பலேறவிருந்த தொழிலாளர், மணியாச்சி – தூத்துக்குடி இருப்புப் பாதையில் உள்ள தட்டப்பாறையில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியபின் போக்குவரத்து அவ்வழியே திரும்பியது. மண்டபத்தில் பெரிய முகாம் ஒன்று அமைக்கப்பட்டது.

முகாமில் தொழிலாளர் மருத்துவரால் சோதிக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டது. உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. எவரிடமேனும் நோய் மறைந்திருந்தால் அது வெளிப்படும் வரை காத்திருப்பதே தடுத்து வைத்தலின் நோக்கம். ஆயினும் இவ்விதி கூலித் தொழிலாளர்க்கும் கீழ்வகுப்புப் பயணிகளுக்குமே முழுமையாகப் பொருந்தியது.

1939இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. மண்டபம் முகாம் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளின் தங்குமிடமாயிற்று. 'மண்டபம் கேம்ப்' என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

வாயிற் சோதனையின் எல்லை

இம்முறையின் வலிமையும் குறையும் கொக்கிப்புழு நோயில் தெளிவாகத் தெரிகின்றன. இப்புழுவின் இளவுயிரி மலத்தால் மாசடைந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்கால் தோலைத் துளைத்து உடலுள் நுழையும். குருதிச்சோகையும் களைப்பும் உண்டாகும். தொழிலாளரின் உழைப்புத்திறன் குறைவதால் தோட்ட உரிமையாளரும் இதில் அக்கறை காட்டினர். ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் சிகிச்சை இயக்கம் தொடங்கியது. ஆனால் மருந்தால் புழு நீங்கியவர், கழிப்பிடம் இல்லாத லயன் குடியிருப்புகளுக்குத் திரும்பியதும் மீண்டும் தொற்றுக்கு உள்ளாயினர். நோயைச் சுமந்து வருபவர் தொழிலாளி என்ற எண்ணத்தில் அமைந்த சோதனை, நோயை வளர்த்த தொழிலிடத்தை மாற்றவில்லை. கழிப்பிடம் கட்டப்படாதவரை மருந்தின் பயன் நிலைக்கவில்லை.

துறைமுகம்

தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல்கள் இந்தியத் துறைமுகச் சுகாதார விதிகளுக்கும் (1955), 2007இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலகச் சுகாதார ஒழுங்குவிதிகளுக்கும் (2005) உட்பட்டவை. மஞ்சள் கொடி ஏற்றிய கப்பல், தன்னிடம் நோயில்லை என்று அறிவித்துச் சுகாதார அனுமதி கோருகிறது என்பது பொருளாகும்.

தொழில் வழங்குநர் செய்யத்தக்கவை

மீன் பதனிடும் ஆலை, உப்பளம், சரக்குக் கிடங்கு போன்றவற்றுக்குப் பொருந்தும் முதன்மையான நடவடிக்கைகள் வருமாறு:

• குடிநீர், கழிப்பிடம்: தூய குடிநீரும், பெண்களுக்குத் தனியாக அமைந்த கழிப்பிடமும், சவர்க்காரத்துடன் கை கழுவும் இடமும் வேண்டும்.
• காற்றோட்டம்: காசநோய், இன்ஃபுளுவென்சா, கோவிட்-19 ஆகியவை மூடிய நெரிசலான அறைகளில் எளிதில் பரவும். ஓய்வறை, உணவறை, தொழிலாளர் வண்டி ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.
• தங்குமிடம்: வெளியூர்த் தொழிலாளரை ஒரே அறையில் நெருக்கி வைத்தால், பணியிடத்தில் எடுக்கும் முயற்சிகள் வீணாகும்.
• தடுப்பூசி, பரிசோதனை: முடிவுகளை மறைபொருளாகக் காக்க வேண்டும்.
• ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு: ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை என்ற நிலையில், காய்ச்சல் உள்ளவர் அதை மறைத்து வேலைக்கு வருவார்.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ் காப்பீடு பெற்றவருக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வரை உண்டு. நாட்கூலிக்கு உழைக்கும் உப்பளத் தொழிலாளர் பலர் இப்பாதுகாப்புக்கு வெளியே உள்ளனர். அவர்களைப் பொறுத்தவரை நோய் விடுப்பு என்பது தொழில் வழங்குநரின் முடிவையே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

• முத்துக்குளிப்பு
• மண்டபம்
• இலங்கையின் மலையகத் தமிழர்
• வாந்திபேதி