துணி, குரல், மேடை: பாலராமபுரத்திலிருந்து வெகுசன இசை மேடை வரை

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பாலராமபுரம் துணியால் பெயர் பெற்ற ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கியது. திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவாளர்கள், அரண்மனைக்கான மெல்லிய பருத்தி ஆடைகளை இங்கு நெய்தனர். இன்றும் இவ்வூரின் தெருக்களில் தமிழ் மூதாதையரின் நினைவும் குழித்தறியின் ஓசையும் உண்டு.

மெல்லிய ஆடைக்கு இத்தனை மதிப்பளித்த அதே அரசு, யார் எதை உடுத்தலாம் என்பதையும் வரையறுத்தது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்ற விலக்கும் அதில் இருந்தது. முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போல் கட்டிக்கொள்ளவும் அனுமதி இருந்தது. அதாவது, அரசு அஞ்சியது துணியைக் கண்டு அன்று, ஒப்புமையைக் கண்டு. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி, நாயர்களுக்கு உரியதெனக் கருதப்பட்ட உடையை அணிந்து வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றார். அவரது வழிநடைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக மூண்ட மோதல்களுள் ஒன்று பாலராமபுரத்தின் சாலியர் தெருவிலேயே நிகழ்ந்தது.

ஒரு குறியின் மதிப்பு அதனுள் இல்லை, பிற குறிகளிலிருந்து அது வேறுபடும் முறையில் உள்ளது என்பது சொசூரின் மொழியியலில் அடிப்படைக் கருத்து. உடைக்கும் இது பொருந்தும். வெகுசன இசைக் கலைஞர்களின் தோற்றத்தை வெறும் விளம்பர உத்தியாகக் காணும் வழக்கம் நம்மிடையே உள்ளது. தென்திருவிதாங்கூரின் வரலாற்றை அறிந்தவர்கள் அத்தோற்றத்தை வேறு விதமாகப் படிக்க இயலும்.

உஷா உதுப்பின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1947இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், 1969இல் சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்தில் இயங்கிய 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் சேலை உடுத்திப் பாடினார். பின்னர் கொல்கத்தா பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' விடுதி அவரது மேடையாயிற்று. குடும்பத்துப் பெண்கள் நாள்தோறும் அணிந்த உடை அது. கோயிலிலோ திருமண வீட்டிலோ யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். மேற்கத்திய உடையும் ஆங்கிலப் பாட்டும் எதிர்பார்க்கப்பட்ட விடுதி மேடையில் அது புதுமையாகத் தெரிந்தது. கனத்த, தாழ்ந்த குரல் அப்புதுமையைக் கூட்டியது. பெண் பின்னணிக் குரல் மென்மையாக, உச்சத்தில் ஒலிக்கவேண்டும் என்ற பொதுவிதியை அக்குரலும் மீறியது. பிற்காலத்தில் காஞ்சிப்பட்டு, வங்க எழுத்தான 'க' பொறித்த பெரிய நெற்றிப்பொட்டு, சேலைத் துணி தைத்த விளையாட்டுக் காலணி ஆகியவை சேர்ந்து அவரது அடையாளமாயின. பிறந்த குடும்பத்தின் தமிழும், கோட்டயத்துக் கணவர் வழி வந்த கேரளமும், வாழும் ஊரான கொல்கத்தாவும் ஒரே உருவில் இடம்பெற்றன.

அவ்வுருவமும் அவரைக் காக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, அவரது இசையைப் பண்பாட்டுச் சீரழிவு எனக் கண்டித்து, அரசு அரங்குகளில் அவர் பாடுவதைத் தடுத்தார். வழக்குத் தொடுத்தே உஷா தம் உரிமையை மீட்டார். மரபான சேலையும் பொட்டும் கண்ணெதிரே இருந்தும், இசையின் மொழியும் தாளமும் அவரை அந்நியராக்கப் போதுமானவையாயின.

இங்கு ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. உஷாவுக்குப் பட்டு ஒருபோதும் மறுக்கப்பட்ட உடை அன்று. அவர் அதை இடம் மாற்றி அணிந்தார், அவ்வளவே. மறுக்கப்பட்டவர்களின் உடை வரலாறு வேறொரு மேடையில் தொடர்ந்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற' என்ற கருத்தைப் பெயராகக் கொண்டது. கானாப் பாடகர்களும் பறை இசைஞர்களும் கிதார் கலைஞர்களும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு அணிந்து நின்றனர். அம்பேத்கரின் நீலக் கோட்டை அறிந்த எவருக்கும் அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. சாவு வீட்டுக் கலை எனத் தள்ளப்பட்ட கானாவைக் கோட்டு அணிந்தவர் பாடும்போது, 1893இன் வில்வண்டிப் பயணத்தோடு அது உறவு கொள்கிறது. 'அவர்களைப் போல்' உடுத்தாதே என்ற விலக்கையே இரண்டும் மீறின.

இக்குழுவிலிருந்து எழுந்த அறிவு, 2021இல் தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அவர் அப்பாட்டில் நெய்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோரின் கண்டனத்திற்குப் பிறகே அறிவுக்கென ஒரு மின்னிதழ் அட்டை வெளியிடப்பட்டது. பாட்டில் குரல் இருந்தும், அட்டையில் உருவம் இடம்பெறுவதற்கு ஒரு வாதம் தேவைப்பட்டது.

ஆகவே இசைக் கலைஞர்களின் தோற்றத்தை ஆராய்வோர், அவர் என்ன அணிந்தார் என்பதோடு நின்றுவிடக்கூடாது. அவ்வுடை எந்த மேடையில், யாருக்கு உரியதாகக் கருதப்பட்டது, அதை அணிந்தவர் எந்த விலக்கைக் கடந்தார் அல்லது கடக்க வேண்டியிருக்கவில்லை என்பவற்றையும் கேட்கவேண்டும். சாலியர் தெருவில் நெய்த துணியை யார் உடுத்தலாம் என்று ஆணையிட்ட சமூகத்தின் வாரிசுகளே இன்றைய இசை அரங்குகளிலும் பார்வையாளராக அமர்ந்துள்ளனர்.