கூடல் நகரின் கடைவீதியும் குன்றின் கற்படுக்கையும்

வெளியூர் செல்வோர், பேரூர் ஒன்றை அடைந்ததும் அதன் கடைவீதிகளைச் சுற்றிப் பார்க்க விரும்புவது இயல்பு. ஓர் ஊரின் செல்வமும், அங்கு வாழ்வோரின் கைத்திறனும், அவர்தம் நேர்மையும் அரண்மனையில் புலப்படுவதைவிடக் கடைவீதியில் தெளிவாகப் புலப்படும். தமிழில் இத்தகைய நகருலாவை முழுமையாகப் பதிவு செய்த பெருமை சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதைக்கு உண்டு. அதில் மதுரை மாநகரின் வீதிகளை ஒவ்வொன்றாகக் கண்டு செல்பவன் புகாரிலிருந்து வந்த வணிகனாகிய கோவலன். அவன் சாவக நோன்பு பூண்டவன் என்பதைக் காப்பியமே உரைக்கின்றது. அதனால் தமிழ்ச் சமணருக்கு இவ்வுலா வெறும் வேடிக்கைப் பயணம் ஆகாது; தம் முன்னோரின் வணிக வாழ்வைக் காட்டும் ஆவணமும் ஆகும்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளைத் துணையாகப் பெற்றே மதுரைக்கு நடந்தனர். வழியில் வயல்களிலும் சோலைகளிலும் காலடியில் சிற்றுயிர்கள் நசுங்க நேரும் என்பதை எடுத்துரைத்து, ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கும்படி அந்தத் தவமூதாட்டி அவர்களை முன்னமே எச்சரித்திருந்தார். மதுரையை அடைந்ததும் அறவோர் உறையும் புறஞ்சேரியில் மூவரும் தங்கினர். கண்ணகியைக் கவுந்தியடிகளின் காப்பில் விடுத்து, தன் குலத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கூறிக் கோவலன் தனியே புறப்பட்டான். அகழியைக் கடந்து, வாளேந்திய யவனர் காத்து நின்ற மதில் வாயிலின் வழியாக அவன் நகருக்குள் நுழைந்தான்.

அவன் முதலில் கண்ட அங்காடி வீதியில் வண்டிகளும் தேர் உறுப்புகளும் கவசங்களும் இருந்தன. செம்பிலும் வெண்கலத்திலும் செய்த கலங்களும், தந்தத்தைக் கடைந்து செய்த பொருள்களும், நறும்புகைக்கும் பூச்சுக்கும் உரிய பண்டங்களும், மாலைகளும் அங்கே நிறைந்திருந்தன. அடுத்து மணிகள் விற்கும் வீதி வருகின்றது. வைரத்துக்கு உரிய குற்றங்களான காக்கைக் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு ஆகியவை நீங்கிய கற்களே அங்கு வைக்கப்பட்டிருந்தன என்று இளங்கோவடிகள் நுட்பமாகக் குறிக்கின்றார். மரகதம், மாணிக்கம், முத்து, பவளம் என ஒவ்வொன்றுக்கும் உரிய நலமும் குறையும் இரத்தின நூல் கூறுமாறு அங்கே வகைப்படுத்தப்படுகின்றன.

பொன் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னும் விற்கப்பட்டன. எவ்வகை எங்குக் கிடைக்கும் என்பதில் வாங்குவோர் மயங்காதிருக்கக் கடைகளில் கொடிகள் உயர்த்தப்பட்டிருந்தன. அதனையடுத்த அறுவை வீதியில் பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் நூறு நூறாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கூல வீதியில் துலாக்கோல் ஏந்தியவரும், பறை, அம்பணம் ஆகிய அளவைகளைக் கையாண்டவரும் திரிந்துகொண்டிருந்தனர். எப்பருவத்திலும் மிளகு மூட்டைகளும் தானியக் குவியல்களும் அங்கே குறையவில்லை. இவை அனைத்தையும் கண்டு மகிழ்ந்த கோவலன் எப்பொருளையும் வாங்கியதாகக் காப்பியம் கூறவில்லை. அவனிடம் எஞ்சியிருந்த செல்வம் மனைவியின் சிலம்பு மட்டுமே.

இச்செய்திகளைக் கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி, 782 அடிகளில் இதே நகரின் அங்காடிகளைப் பாடுகின்றது. பகலில் நிகழும் நாளங்காடியும் மாலைக்குப் பின் நிகழும் அல்லங்காடியும் அதில் தனித்தனியே வருகின்றன. சங்கறுத்து வளை கடைவோர், மணிகளைத் துளையிடுவோர், அணிகலன் செய்வோர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போர், துணி விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர் என மாங்குடி மருதனார் தொழிலோரை வரிசைப்படுத்துகின்றார். அந்நகரிலேயே சமணப் பள்ளி இருந்ததையும், பூவும் புகையும் ஏந்திச் சாவகர் அங்கு வழிபட்டதையும் அதே பாட்டு பதிவு செய்கின்றது. கடைவீதியும் பள்ளியும் ஒரே நகர வாழ்வின் இரு பகுதிகளாக இருந்தன என்பதற்கு இது சான்று.

இலக்கியச் சான்றினும் வலிய சான்று கல்லில் உள்ளது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் இயற்கைக் குகைகளில், துறவியர் தங்குவதற்கெனப் பாறையைச் சமன்படுத்திக் கற்படுக்கைகள் அமைக்கப்பட்டன. தலைப்பக்கம் சற்றே உயர்ந்து தலையணை போன்றிருக்கும். மழைநீர் உள்ளே வழியாதவாறு குகையின் முகப்பில் காடி வெட்டப்பட்டது. ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமல் நடந்து திரியும் சமணத் துறவியர்க்கு மழைக்கால நான்கு மாதங்களில் மட்டும் ஒதுங்கிடம் தேவைப்பட்டது. அதை அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரையும் ஊரையும் தொழிலையும் தமிழி எழுத்தில் பொறித்தனர்.

மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அவ்வெழுத்துகள் தமிழ் மொழியைக் கொண்டவை என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் பல்லாண்டு உழைத்து அவற்றைத் திருத்தமாகப் படித்து, 2003இல் பெருநூலாக வெளியிட்டார். மாங்குளக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அவர் கணிப்பு. அவற்றுள் நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தன் என்னும் துறவியின் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் நிகமமும் இடம்பெறுகின்றன. நிகமம் என்பது வணிகர் குழு. அரசனைச் சார்ந்தோரும் வணிகர் குழுவும் ஒரே குன்றில் ஒரே அறத்தைச் செய்துள்ளனர்.

அழகர்மலைக் குகையில் இன்னும் வியப்புக்குரிய காட்சி காத்திருக்கின்றது. அங்குள்ள கல்வெட்டுகளில் உப்பு வணிகர், கருப்பஞ்சாற்றுப் பாகு விற்கும் பணித வணிகர், ஏர்க்கொழு விற்கும் கொழு வணிகர், துணி விற்கும் அறுவை வணிகர் ஆகியோர் வருகின்றனர். பணித வணிகரின் பெயர் நெடுமூலன். இளங்கோவடிகள் வீதிக்குச் சூட்டிய அறுவை என்னும் சொல்லே இங்கு ஒரு வணிகனின் அடையாளமாகக் கல்லில் நிற்கின்றது. கரூருக்கு அருகிலுள்ள புகலூர்க் குன்றிலும் கருவூர்ப் பொன் வணிகனாகிய நத்தி என்பவனும், எண்ணெய் வணிகன் ஒருவனும் கொடையாளராகத் தோன்றுகின்றனர். உப்பும் வெல்லமும் ஏர்க்கொழுவும் விற்றவர் பெருஞ்செல்வர் ஆகியிருக்க வேண்டுவதில்லை. தமிழகத்தின் மிகப் பழைய சமணச் சின்னங்களை உருவாக்கியதில் வேந்தரோடு இச்சிறு கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

அதே அழகர்மலையில் மதுரைப் பொற்கொல்லன் ஒருவனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. இங்கே காப்பியத்தை மீண்டும் நினைக்க வேண்டும். மாதரி இல்லத்தில் கண்ணகி சமைத்த உணவை உண்டபின் கோவலன் ஒற்றைச் சிலம்புடன் மறுபடியும் மதுரைக் கடைத்தெருவில் நடந்தான். முன்பு காண்பதற்காக வந்தவன், இப்போது விற்பதற்காக வந்தான். நூறு கைவினைஞர் பின்தொடர வந்த அரசவைப் பொற்கொல்லனிடம் சிலம்பை மதிப்பிடுமாறு நம்பிக்கையுடன் காட்டினான். அரசியின் சிலம்பைக் கவர்ந்திருந்த அப்பொற்கொல்லன் தன் களவைக் கோவலன்மேல் ஏற்றினான். வைரத்தின் சிறு புள்ளியையும் ஆராய்ந்து விலக்கிய நகரில், நால்வகைப் பொன்னுக்கும் தனித்தனிக் கொடி உயர்த்திய நகரில், ஓர் உயிரைப் பறிக்குமுன் அச்சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று எவரும் ஆராயவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

காப்பியத்தின் பொற்கொல்லன் பெயரற்றவன். அவன் செய்த வஞ்சம் மட்டுமே நினைவில் நின்றது. அழகர்மலையின் பொற்கொல்லன் தன் உழைப்பின் ஒரு பகுதியைத் துறவியரின் படுக்கைக்கு ஈந்து, ஆதன் என்னும் பெயருடன் நிலைபெற்றான். தொழில் ஒன்றே, ஒருவனுக்கு அது பழியையும் மற்றவனுக்கு அது புகழையும் தந்தது. ஒருவன் இழைத்த குற்றத்தால் ஒரு தொழிற்குலத்தையே பழிப்பது முறையன்று என்பதை அக்கல் அமைதியாக உணர்த்துகின்றது.

சிராவகர்க்கு உரிய கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. களவுக்கு வழிகாட்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரச நெறியை மீறி ஈட்டுதல், அளவிலும் நிறையிலும் பொய்த்தல், கலப்படம் செய்து விற்றல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரம் கூறும் இவ்வைந்தையும் தமிழ்ச் சிராவகர்க்கு அருங்கலச்செப்பு எளிய குறள் வெண்பாக்களில் எடுத்துரைக்கின்றது. இவற்றுள் பெரும்பாலானவை கடையில் நிகழக்கூடிய பிழைகள் என்பது கருதத்தக்கது. சமண அறம் கடைவீதியை விட்டு விலகுமாறு இல்லறத்தாரைப் பணிக்கவில்லை. துலாக்கோலின் முள் நேராக நிற்கவேண்டும் என்றே பணித்தது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம், தேவைக்கு அளவு வகுத்துக்கொண்டு எஞ்சியதை அறத்துக்கு ஆக்கும் வழியைக் காட்டியது. அந்த எஞ்சிய பொருளே குன்றுகளில் கற்படுக்கை ஆயிற்று.

இன்று தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வட மாவட்டங்களின் சிற்றூர்களில் உழவுத் தொழிலை மரபாகக் கொண்டவர். சமண வணிகர் என்றதும் வடபுலத்திலிருந்து வந்தோரையே பிறர் எண்ணுகின்றனர். தமிழ் பேசி, தமிழிலேயே தம் பெயரைக் கல்லில் பொறித்த சமணக் கடைக்காரர்கள் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே மதுரையில் வாழ்ந்தனர் என்பதை நம் இளைஞருள்ளும் அறிந்தோர் சிலரே. அக்குன்றுகளைப் பொதுமக்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்று அழைப்பதால், உரியோரின் பெயர் மக்கள் வழக்கிலும் மறைந்துபோயிற்று. கல் உடைக்கும் தொழிலாலும், படுக்கைகளின்மேல் பெயர் கீறிச் செல்வோராலும் அச்சின்னங்களுக்குத் தீங்கு நேர்வது வருந்தத்தக்கது. பொறித்தவரின் வழிவந்தோர் வந்து காணாத கல்லைப் பிறர் பேணுவர் என்று எதிர்பார்ப்பது எளிதன்று.

மதுரைக்குச் செல்லும் குடும்பங்கள் இன்றும் கோவலனைப் போல் வீதிகளைச் சுற்றி வரலாம். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகளும், விளக்குத்தூண் பகுதியில் துணிக்கடைகளும், கீழமாசி வீதியில் மளிகை, தானிய மண்டிகளும் இன்றும் நிறைந்துள்ளன. பழைய கூடல் இதே இடத்தில்தான் இருந்தது என்று கொள்ளாவிடினும், ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வீதி என்னும் அமைப்பு இந்நகரை விட்டு நீங்கவில்லை. அவ்வீதிகளைக் கண்டபின் ஒரு காலைப்பொழுதை அழகர்மலைக்கும் மாங்குளத்துக்கும் ஒதுக்குதல் வேண்டும். குகையின் நெற்றியில் உள்ள எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, உப்பு விற்றவரும் துணி விற்றவரும் பொன் தட்டியவரும் அங்கே பெயர் பெற்றிருப்பதைச் சொல்லுதல் வேண்டும். அவர்கள் விற்ற பொருள்களில் ஒன்றும் இன்று எஞ்சவில்லை. தவத்தோர் தலைசாய்க்க அவர்கள் தந்த கல் மட்டும் இன்றும் இருக்கின்றது.