பிரசவம் பார்ப்பவர்: சேலம், நாமக்கல் சமவெளியில் மருத்துவமனைப் பிள்ளைப்பேறு

சேலம், நாமக்கல் சமவெளியில் பிள்ளைப்பேறு இன்று ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைக்குள் நடக்கிறது. ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் என விரியும் இந்தப் பகுதி 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் பிரியும்வரை ஒரே மாவட்டம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. இந்திய அளவில் அது 88.6. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இடம் மாறியபோது பிரசவம் பார்க்கும் கையும் மாறியது. அந்தக் கை யாருடையது என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறுபடும்.

பேச்சுத் தமிழ் இதை மூன்று வினைகளில் பிரித்து வைத்திருக்கிறது. குழந்தையைப் ‘பெறுபவள்’ தாய். உடனிருந்து உதவுபவர் பிரசவம் ‘பார்க்கிறார்’. அறுவைச் சிகிச்சை என்றால் குழந்தையை ‘எடுக்கிறார்கள்’. மூன்றாவது வினை வந்ததும் தாய் எழுவாயிலிருந்து விலகிவிடுகிறாள். பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “நார்மலா, ஆபரேசனா?” என்பது.

முன்பு பார்த்தவர் மருத்துவச்சி. முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்துப் பெண்களிடம் இவ்வேலை மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என வழிவழியாக வந்தது. கூலி பெரும்பாலும் தானியமும் சேலையும். தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. தீட்டு என்று மற்றவர் தொடாத வேலையைச் செய்ததால் அவருக்குத் தேவை இருந்த அளவுக்கு மதிப்பு இருந்ததில்லை. ஆண் மருத்துவரைப் பேறுகால அறைக்குள் விடாத வழக்கமும் அன்று கடுமையாக இருந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பெண் துணை கேட்டு வந்து, தன் தந்தையான ஆண் மருத்துவரை மறுத்துத் திரும்பியதும், அந்த மூன்று தாய்மாரும் இறந்ததும்தான் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க அனுப்பின. அவர் தொடங்கிய வேலூர் மருத்துவமனை அதிலிருந்து பிறந்தது. அந்த வழக்கத்தின் எச்சம் இன்றும் உண்டு: சிற்றூரிலிருந்து வரும் குடும்பம் ‘லேடி டாக்டர்’ இருக்கிறாரா என்று விசாரித்துத்தான் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கிறது.

வீட்டிலிருந்து வெளியே வரும் மாற்றம் மெதுவாகத் தொடங்கி, பின்பு வேகமெடுத்தது. ஊர் ஊராகக் கிராம சுகாதார செவிலியர் அமர்த்தப்பட்டனர். 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் 300 ரூபாயுடன் தொடங்கியது. 2018இல் அது 18,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு படிப்படியாகப் பரவியது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. நடுராத்திரியில் வலி கண்டால் வண்டி தேடி அலைந்த காலம் அதோடு முடிந்தது என்றே சொல்லலாம். மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் 2004-06இல் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 111 ஆக இருந்தது, 2018-20இல் 54.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பவர் செவிலியர்தான். மருத்துவர் பெயர்ப்பலகையில் இருப்பார், பகலில் இருப்பார். பிள்ளைகள் நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. வலி பொய் வலியா மெய் வலியா என்று பிரிப்பதும், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று விரலால் அளப்பதும், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதும், இவற்றை மணிவாரியாக வரைபடத்தில் குறிப்பதும் அவர் வேலை. பத்து சென்டிமீட்டர் திறந்த பிறகே முக்கச் சொல்வார். குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுவதுதான் இதில் உயிர் காக்கும் செயல். பேறுகாலச் சாவுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றான உதிரப்போக்கை அது தடுக்கிறது. எப்போது தன்னால் முடியாது என்று அறிந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பது இன்னொரு திறமை. தாமதித்தால் ஆபத்து, அவசரப்பட்டால் வீண் அலைச்சல்.

அப்படி எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் போய்ச் சேருவது அரசு மருத்துவமனைகளில் உள்ள ‘சீமாங்க்’ மையங்கள். அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கான இந்த மையங்களில் மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், இரத்தம் மூன்றும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் மேலே 1986இல் தொடங்கிய சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கல்லூரி மருத்துவமனை என்றால் கைகள் பெருகும். பயிற்சி மருத்துவர், முதுநிலை மாணவர், செவிலியர், செவிலிய மாணவியர், உதவிப் பேராசிரியர் என ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பார்கள். சிக்கலான பிரசவத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் அரசுத் தரப்பில் இல்லை. ஆனால் பெற்றவளைக் கேட்டால், யார் பார்த்தார் என்று சொல்லத் தெரியாது. “நெறையப் பேர் இருந்தாங்க” என்பாள்.

தனியார் மருத்துவமனையில் நிலைமை தலைகீழ். அங்கே பார்ப்பவரின் பெயரைச் சொல்லித்தான் குடும்பமே போகிறது. மாதாமாதம் ஸ்கேன் பார்த்த அதே மகப்பேறு மருத்துவர்தான் பிரசவத்துக்கும் வருவார். எனினும் மணிக்கணக்கான வலியின்போது அருகில் இருப்பவர் செவிலியர். தலை தெரியும் நேரத்தில் மருத்துவர் அழைக்கப்படுகிறார். ஒருவரே எல்லாப் பிரசவத்துக்கும் இரவு பகலாக நிற்பது நடக்காத காரியம். நேரம் குறித்த அறுவைச் சிகிச்சை பெருகியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் தனியார் பிரசவங்களில் 63.8 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. அரசு நிலையங்களில் 36. பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் உயிரிழப்பு குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியிருந்தது. பழியை மருத்துவர்மேல் மட்டும் போடுவதும் சரியல்ல. வலி தாங்க மாட்டாள் என்று தாயார் கேட்பதுண்டு. ஜோசியர் குறித்த நட்சத்திரத்தில் எடுக்கச் சொல்வதும், இராகுகாலம் கழியட்டும் என்பதும் சாதாரணம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது இங்கே மாறாத வழக்கம். விளைவாக, ஏழு மாதம் வரை பரிசோதித்த கிராம செவிலியரும் ஆஸ்பத்திரியும் ஒரு பக்கம், பிள்ளை பிறக்கும் ஊர் வேறு பக்கம். கையில் இருக்கும் கர்ப்பப் பதிவு எண்தான் இரண்டையும் இணைக்கிறது. கணவன் லாரியிலோ, ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கிலோ இருப்பது நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் புதிதல்ல. ஊரில் இருந்தாலும் அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் அவனுக்கு இடமில்லை. பல கட்டில்கள் உள்ள அறையில் மற்றப் பெண்களின் அந்தரங்கம் அதற்குக் காரணம். பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு முன்கூட்டியே கொண்டுவந்தது. அந்தத் துணை பெரும்பாலும் அம்மா. “இன்னும் கொஞ்சம் முக்கு, கண்ணு” என்று சொல்லும் குரலையும், கத்தினால் அதட்டும் குரலையும் பெண்கள் ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மருந்தின் பெயர் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பிறந்தவுடன் இன்னொரு இழுபறி. குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் கையால் ‘சேனை’ வைத்தால், அதாவது சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தால், பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும் என்பது நம்பிக்கை. செவிலியரோ முதல் மணி நேரத்தில் சீம்பால் தவிர எதுவும் கூடாது என்பார். என்ன குழந்தை என்று அறிவிக்கும் கணமும் இப்பகுதியில் எளிதானதாக இருந்ததில்லை. பெண் சிசுக்கொலைக்கு எதிராக மாநில அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான்.

பிரசவத்துக்கென்றே தேர்ந்த செவிலியரை உருவாக்க 2018இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி பதினெட்டு மாதப் பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியர், சிக்கலில்லாத பிரசவங்களைத் தம் பொறுப்பில் நடத்துவார். இதுவரை அவர்கள் பெயரின்றிச் செய்துவந்த வேலைக்கு ஒரு பதவிப் பெயர் கிடைப்பது போன்றது இது. பிறப்புப் பதிவுக்கான படிவத்தில் பிரசவத்தில் கிடைத்த கவனிப்பு பற்றி ஒரு கட்டம் உண்டு: அரசு நிலையம், தனியார் நிலையம், வீட்டில் என்றால் மருத்துவரோ செவிலியரோ பயிற்சி பெற்ற தாதியோ, அல்லது மரபு மருத்துவச்சி, உறவினர் என்று அது கேட்கிறது. வீட்டில் பிறந்தால் பார்த்தவர் எத்தகையவர் என்று பதிவாகும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் கட்டடத்தின் வகை மட்டும் பதிவாகும்.