தேடுபொறியில் கடாரம்: தமிழ்ச் சொல்லுருவும் நிரலாளர் பணியும்

நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? அலோர் ஸ்டார் என்பர் சிலர்; அலோர் ஸ்தார் என்றும் அலோர் செத்தார் என்றும் எழுதுவாரும் உளர். குழப்பம் நம்முடையது மட்டுமன்று. 2003 டிசம்பர் 21-இல் மாநகரத் தகுதி பெற்றபோது 'அலோர் ஸ்டார்' என்று மாற்றப்பட்ட பெயர், 2009-இன் தொடக்கத்தில் மீண்டும் 'அலோர் செத்தார்' ஆயிற்று. மாநிலத்தின் பெயரோ இன்னும் நீண்ட வரலாறுடையது. இன்று கெடா, சோழர் ஆவணங்களில் கடாரம், கிடாரம், பட்டினப்பாலையின் 'காழகம்' என்ற சொல்லுக்கும் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் உரைத்தார். இவை அனைத்தும் ஒரே நிலத்தைக் குறிப்பன என்பது இங்குள்ள ஆசிரியர்க்குத் தெரியும். தேடுபொறிக்கு அதை யாரேனும் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லும் கலைக்குத் தேடுபொறி உகப்பாக்கம் என்று பெயர். ஓர் இணையப் பக்கம், அதைத் தேடுவோர் கண்ணில் படுமாறு தலைப்பையும் சொற்களையும் இணைப்புகளையும் ஒழுங்குபடுத்தும் பணி அது. இன்று நிரலாளர் பலர் இதற்கெனச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தமக்கான பணியோட்டத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். இது புதிய தொழில்நுட்பம் என்பது உண்மை. ஆனால் தமிழைப் பொறுத்தவரை இதன் உள்ளே இருக்கும் சிக்கல் பழையது.

கணினிக்கு முன்பே நாம் தேடிக்கொண்டுதான் இருந்தோம். வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வழி வெளிவந்தது. ஒவ்வொரு சொல்லையும் சீட்டில் எழுதி அடுக்கும் வேலையை நாமும் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் செய்தோம். கை வலியைவிட முடிவெடுப்பதே கடினம்: 'மரத்து' என்னும் உருவை எந்தத் தலைச்சொல்லின் கீழ் வைப்பது? அந்தக் கேள்விக்கு இலக்கணம் தெரிந்த ஒருவர் விடை சொல்லியாக வேண்டும். சீட்டு தானாகச் சொல்லாது.

கணினி வந்தபோது வேறொரு தடை எழுந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. எனினும் அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த பக்கம், இயந்திரத்துக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக்குவியல். தேடுபொறி அந்தக் குவியலையே அட்டவணைப்படுத்தியது. 1999-இல் சென்னையிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள், 2000-இல் தோன்றிய உத்தமம் அமைப்பு ஆகியவற்றின் விவாதங்களில் பெரும்பகுதி இதைப் பற்றியதே. தமிழக அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றது 2010-இல்தான். அதற்கு முன் நம் பள்ளிகளும் கோவில்களும் வெளியிட்ட மலர்கள் கணினியில் இருந்தாலும் அந்தப் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அவற்றை மாற்றாதவரை எந்த உகப்பாக்கமும் பயன் தராது.

ஒருங்குறியிலும் கண்ணி உண்டு. 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்னும் இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்தவர் பலர். பார்வைக்கு வேறுபாடில்லை, இயந்திரத்துக்கு அது வேறு சொல். (ஔவையே வந்து தேடினாலும் தம் பெயரைப் பாதி இடங்களில் காணமாட்டார்.) அடுத்து, 'தோட்டம்' என்று தேடும் எளிய நிரல் 'தோட்டத்தில்' என்ற சொல்லைக் கண்டுகொள்ளாது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டதே! 'தோட்டத்தில்' நமக்கு ஆறு எழுத்து. ஒருங்குறியில் அது 11 குறியெண். சேமிக்கும்போது 33 பைட்டு. 'எஸ்டேட்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் 6 பைட்டு போதும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த கருவிகள் தமிழில் தடுமாறுவதற்கு இவையெல்லாம் காரணம். நிரலாளர் தமக்கான கருவியைத் தாமே செய்ய முனைவதற்கும் இதுவே தக்க நியாயம்.

உலக அளவில் இத்துறை நேர்மையாக வளர்ந்தது என்று சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் குறிச்சொற்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திணித்தனர். அவ்வகைக் குறிச்சொல் வரியைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இல் அறிவித்தது. சொற்றொடரின் சூழலைக் கணக்கில் கொள்ளும் 'பெர்ட்' முறையை 2019 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது விரிவுபடுத்தியது. தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்குள் எழுதும் இயந்திரம் எல்லார் கைக்கும் வந்திருந்தது.

நம் அச்சம் இங்கேதான். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளர் காவலரோடு மோதிய நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கள்ளுக்கடையை எதிர்த்தெழுந்த தொண்டர் படையின் வரலாறு அது. தலைமை ஏற்றவர் ஏ. எம். சாமி. ஒரு மாணவர் 'ஹார்வர்ட்' என்று மட்டும் தேடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகமே முன்னால் வந்து நிற்கும். இந்த இடைவெளியைக் கண்ட நிரலாளர், 'ஹார்வர்ட் தோட்டம் பற்றி ஆயிரம் சொல்லில் எழுது' என்று இயந்திரத்துக்குக் கட்டளையிட்டால், அது தயங்காது எழுதும். தேதி தெரியாவிடில் ஒரு தேதியைப் புனைந்தும் எழுதக்கூடும். ஆங்கிலத்தில் அத்தகைய பிழையை மறுக்கப் பிற பக்கங்கள் இருக்கும். கெடாவின் தோட்டங்களைப் பற்றித் தமிழில் உள்ளவை சிலவே. புனைந்த பக்கம் முதலிடம் பெற்றுவிட்டால், மாணவரின் கட்டுரைக்கு அதுவே சான்று. நாளை வேறோர் இயந்திரமும் அதையே படித்துக் கற்கும்.

ஆகவே பணியோட்டத்தில் இயந்திரத்துக்குரிய இடம் எழுதுமிடமன்று, தேடுமிடம் என்பது நம் துணிபு. தேடுவோர் எந்தச் சொற்களால் தம் தளத்தை வந்தடைகின்றனர் என்பதைக் கூகுளின் தேடல் பணியகம் தளத்தார்க்குக் காட்டும். அப்பட்டியலை மொழி மாதிரியிடம் கொடுத்து, ஒரே பொருளுடைய உருவுகளை ஒன்றுசேர்க்கச் சொல்லலாம்: தோட்டம், தோட்டத்து, எஸ்டேட், பால்மரம், ரப்பர் மரம், சுங்கைப்பட்டாணி, சுங்கை பட்டாணி. எந்த உரு எந்தப் பக்கத்தில் விடுபட்டது என்று அது சுட்டட்டும். பின்னர் தமிழறிந்த ஒருவர் ஒவ்வொரு தொகுதியையும் பார்த்து ஏற்கவோ தள்ளவோ வேண்டும். 'படை' என்பது சேனையா, 'படைத்தல்' என்னும் வினையின் ஏவலா என்பதில் இயந்திரம் இன்னும் சறுக்குவதுண்டு.

அந்தத் தமிழறிந்தவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார். நிரலாளர் கேட்டு வருமுன்னரே, உங்கள் பள்ளியைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களை, முதியோர் வாயில் வழங்கும் உருவையும் ஆவணத்தில் உள்ள உருவையும் இணைத்து, மாணவரைக்கொண்டு எழுதி வைக்கலாம். லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் நகருக்குப் பெயர்ந்துவிட்ட தோட்டங்களிலிருந்து தொடங்குவது நன்று. அவற்றின் பேச்சுவழக்குப் பெயர்களைச் சொல்லக்கூடியோர் இப்போது எண்பது வயதைக் கடந்தவர்கள்.