செம்பிற் களிம்பு

ஆணவமலத்தின் இயல்பை உணர்த்துதற்குச் சைவசித்தாந்த நூலாசிரியர் எடுத்தாண்ட உவமைகளுள் நெல்லின் உமியும் செம்பின் களிம்பும் பெருவழக்கின. திருமூல நாயனார் களிம்பு என்னுஞ் சொல்லை மலத்தின் பெயராகவே ஆண்டார். மெய்கண்ட தேவர் மரபில் வந்த ஆசிரியரும் அவ்வுவமையைக் கைவிட்டிலர். உமி நெல்லோடு உடன்தோன்றினாற்போலக் களிம்பும் செம்போடு உடன்தோன்றியது. இடையே வந்து பற்றியதன்று என்பது அவர் கருத்து. இரசாயன நூல் பயின்ற இளைஞர் சிலரோ, "களிம்பு செம்பினுள் இருப்பதன்று, காற்றும் நீரும் புறத்தே நின்று விளைப்பது, ஆதலின் உவமை பிழைபட்டது" என்கின்றனர். இவ்வினாவைச் சினந்து தள்ளுதல் முறையன்று. உவமை பிழைபடின், சகசமலம் இன்னதென மாணாக்கர்க்கு விளக்கும் வாயில்களுள் ஒன்று அடைபடும். ஆகலின் களிம்பின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அண்ணாமலையின் முடியிற் கார்த்திகைத் தீபம் ஏற்றும் கொப்பரை செம்பாலாயது. அடி அண்ணாமலை வழியே வலம் வரும் அன்பர் சுடரைக் கண்டு தொழுவரேயன்றிக் கொப்பரையைக் கருதார். தீயின் வெம்மையாற் செம்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கறுக்கும். (இக்கறுப்பு வேறு, ஆருத்திரா தரிசனத்தன்று கூத்தப்பெருமானுக்குச் சாத்தி அன்பர்க்கு வழங்கும் தீபமை வேறு. பின்னது நெய்யும் திரியும் எரிந்த கரி.) வெம்மையின்றிக் காற்றில் வைப்பின் முதலிற் செந்நிறமான மெல்லிய படலம் தோன்றும். அதன்மேல் ஈரமும் கரியமிலவாயுவும் நெடுநாட் படப் பச்சைக் களிம்பு படரும். மோர், புளி முதலியன தங்கினால் அத்துணைக் காலமும் வேண்டா, விரைவிற் களிம்பூறும். அது நஞ்சாதலின் சமையற் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசுதல் வழக்கமாயிற்று. புளியிட்டுத் துலக்கச் செம்பு ஒளிர்தற்குக் காரணம், புளிப்பு மேற்படலத்தைக் கரைத்தலேயாம். அப்புளியையே கழுவாது விட்டால் மீண்டும் பச்சை பூக்கும் என்பதை இல்லறத்தார் யாவரும் அறிவர்.

இரும்பின் துரு பொருக்காய் உதிர்ந்து உதிர்ந்து உள்ளிரும்பையும் தின்றுவிடும். செம்பின் பச்சையோ பெரும்பாலும் இறுகப் பற்றி உட்செம்பைக் காக்கும். காப்பது மலத்திற்கு எங்ஙனம் உவமையாம் எனின், உவமை ஒருபுடை ஒப்புமை பற்றியது என விடுக்க.

இனி இளைஞர் தடைக்கு வருவாம். 1799-ஆம் ஆண்டில் புரூஸ்து என்னும் பிரஞ்சு அறிஞர், மலையில் வெட்டியெடுத்த பச்சைச் செப்புப் பொருளையும் தம் ஆய்வுச்சாலையிற் செய்த பச்சைப் பொருளையும் தனித்தனியே கூறுபடுத்தி நிறுத்தார். இரண்டினும் செம்பும் ஏனையவும் ஒரே விகிதத்தில் நின்றன. பழஞ்செம்பின்மேற் படரும் பச்சையும் அப்பொருளே என்ப. செம்பு தனிநிலையிற் கிடைத்தல் அருகியே உண்டு. பிறவற்றோடு கூடிய கல்லாய்க் கிடைப்பதே பெரும்பான்மை. அவற்றுட் பச்சைக் கல்லைக் கரியோடு உலையிலிட்டுக் காய்ச்ச, பிராணவாயு கரியோடு போகச் செம்பு பிரியும். காற்றும் ஈரமும் கூடியவழி அது தன் பழைய நிலைக்கே மீளும். துலக்கி வைத்த குடத்தளவில் நோக்கின் இளைஞர் கூற்று மெய்யே. நிலத்தினின்று பிறந்த வரலாற்றை நோக்கின், களிம்பே முன்னது. தூய்மை தீயினாற் பெறப்பட்டது. எனவே உவமை வீழ்ந்திலது என்பது எம் துணிபு. ஆயினும் இரசகுளிகை பட்ட செம்பு பொன்னாம் என்பதனை நூல்வழக்கு என்ற அளவிற் கொள்ளுதலே தக்கது. இரசாயனம் அதனை ஒப்பாது.

நம் திருக்கோயில் எழுந்தருளுந் திருமேனிகளுக்கும் இஃது உரியது. ஐம்பொன் என வழங்கினும், அவற்றிற் பெரும்பகுதி செம்பே; வெள்ளீயமும் காரீயமும் அதனோடு சேர்வன. படையெடுப்புக்கு அஞ்சி முன்னோர் மண்ணுட் சேமித்த திருமேனிகள் பல. திருவெண்காட்டில் 1951-இல் வெளிப்பட்ட இடபவாகனதேவர் 1011-இல் எழுந்தருளுவிக்கப்பட்டவர். மண்ணில் உப்பு மிக்கவிடத்துக் குளோரின் சேர்ந்த களிம்பு உண்டாம். அது பொல்லாதது. மேலே அமைதியாய்த் தோன்றினும், ஈரம் பட்டவழி வெளிறிய பச்சைத் தூளாய்ப் பூத்து உள்ளே அரித்துக்கொண்டே செல்லும். சென்னை அரசினர் பொருட்காட்சிச்சாலையில் 1930-களில் இரசாயன அறிஞர் பரமசிவன் மின்சார முறையால் இந்நோயைத் தீர்த்தார். காரநீரில் திருமேனியை எதிர்மின்வாயாக வைத்து மின்னோட்டம் செலுத்தக் குளோரின் விலகும். ஆயினும் உலோகம் முழுதும் களிம்பாகிவிட்ட திருமேனிக்கு இம்முறை ஆகாது; களிம்போடு வடிவும் போம்.

களிம்பைக் கண்டவுடன் சுரண்டுவார்க்கு ஒன்று கூறுவேம். பத்தூர்க் கூத்தப்பெருமான் 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்டுக் களவாகக் கடல் கடத்தப்பட்டு, 1982-இல் இலண்டனிற் காவலர் கைப்பட்டார். உரிமை வழக்கில் அவ்வூரிற் கிடைத்த பிற திருமேனிகளோடு இத்திருமேனியை ஒப்பிட்டனர். ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் உலோகத்தின் அரிப்பும் அறிஞரால் ஆராயப்பட்டன. 1988-இல் ஒரு மன்றமும் 1991-இல் மேன்முறையீட்டு மன்றமும் கோயிலார் பக்கமே தீர்த்தன. அவ்வாண்டே பெருமான் தமிழகம் மீண்டார். யாரேனும் முன்னரே புளியிட்டுத் துலக்கியிருப்பின் அச்சான்றுகள் எஞ்சியிரா.