பறவை பிடித்தோரும் பறவை காத்தோரும்

பறவைகளையும் மனிதரைப் போன்ற சமுதாயங்களாகவே அல்குர்ஆன் (6:38) காண்கிறது. அச்சமுதாயங்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்பதை அறியாமல் அவற்றைக் காப்பது அரிது. இவ்வறிவை இந்தியாவுக்கு ஈட்டித் தந்தவர் என நாம் டாக்டர் சாலிம் அலியைப் (1896-1987) போற்றுகிறோம். அது தகும். ஆனால், அவரோடு நின்று உழைத்த மற்றொரு முஸ்லிம் கூட்டத்தாரை நாம் மறந்துவிட்டோம்.

பறவையின் காலில் எண் பொறித்த வளையம் பூட்டிப் பறக்கவிட்டு, அது மீண்டும் சிக்கும் இடத்தைக் கொண்டு பாதையை அறியும் முறையை 1899 இல் டென்மார்க் ஆசிரியர் மோர்டென்சன் தொடங்கி வைத்தார். 1959 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில், அம்முறையைப் பெருமளவில் கைக்கொண்டது. வலசைப் பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்று அறிய விரும்பிய உலக சுகாதார நிறுவனம் அதற்கு உதவியது.

வளையமிட வேண்டுமானால் பறவையைக் காயமின்றிப் பிடிக்க வேண்டும். அக்கலை பீகாரின் மீர்ஷிகார்களிடம் இருந்தது. 'வேட்டைத் தலைவர்' எனப் பொருள்படும் பார்சிப் பெயர் தாங்கிய இம்முஸ்லிம்கள், பறவை பிடித்து விற்றுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். எந்தப் பறவை எந்நேரத்தில் எங்கே இறங்கும் என்பதை அவர்கள் ஏடுகளில் படித்ததில்லை, கண்ணால் கற்றிருந்தனர். கழகம் அவர்களைப் பணியில் அமர்த்தியது.

அவ்வாறு வளையமிடப்பட்ட பறவைகள் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் மீண்டும் கிடைத்தன. பரத்பூரின் நீர்நிலையும் நம் கோடிக்கரையின் உப்பங்கழியும் தொலைதூர நாடுகளோடு பிணைந்தவை என்பது புலனாயிற்று. ஓரிடத்தை மட்டும் காத்தால் போதாது, வழி நெடுகக் காக்க வேண்டும் என்ற உண்மைக்குச் சான்று கிடைத்தது. கோடிக்கரை 1967 இல் சரணாலயமாயிற்று. 2002 இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பறவை பிடிக்கும் தொழிலைக் குற்றமாக்கின. பறவைகளின் நலனுக்கு அது தேவையே. எனினும், தொழிலிழந்தோர் அனைவருக்கும் ஆய்வுக்கூடம் இடமளிக்க இயலாது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2012 இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. மறு ஆண்டே அவ்வூரார் வேட்டையைக் கைவிட்டனர். செயற்கைக்கோள் கருவி பூட்டிய வல்லூறுகளுக்குத் தம் ஊர்களின் பெயர் சூட்டப்பட்டதைக் கண்டனர். அப்பறவைகள் ஆப்பிரிக்கா வரை சென்ற பாதையை உலகம் பின்தொடர்ந்தது.

வேட்டையாடியவரின் அறிவை இகழாது அரவணைத்தபோது காப்பு எளிதாயிற்று. சாலிம் அலியின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மீர்ஷிகார்களின் கரங்களையும் சேர்த்துச் சொல்வோம்.